காடை முட்டையை வீட்டுப் பெட்டியில் பொரிக்க வைப்பது

நாம் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை அடையில் உட்காராது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்து அந்தக் குணம் கிட்டத்தட்டப் போய்விட்டது. கோழியின் அடியில் வைத்தால் அதன் எடைக்கே பல முட்டைகள் நொறுங்கலாம். எனவே குஞ்சு வேண்டுமென்றால், அடைச் சூட்டைத் தரும் பெட்டிதான் (இன்குபேட்டர்). பெட்டி செய்வது ஒரு சாயங்கால வேலை. முட்டைகள் வீணாவதற்குப் பெரும்பாலும் பெட்டி காரணமில்லை. பொய் சொல்லும் தெர்மாமீட்டரும், தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீரும், ஆசையாகத் திறந்து பார்க்கும் கையும்தான் காரணம்.

முட்டை

கடையில் டப்பாவில் வரும் காடை முட்டை பெரும்பாலும் கூமுட்டை. முட்டைக்காக மட்டும் வளர்க்கும் கூண்டில் ஆண் காடை இருக்காது. இரண்டு அல்லது மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் விட்டு வளர்க்கும் இடத்திலிருந்து, இட்ட தேதி கேட்டு வாங்குங்கள். 10 முதல் 12 கிராம் எடை, கீறல் இல்லாத ஓடு, ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மழுங்கல் என்று தெளிவான வடிவம் இருந்தால் போதும். அழுக்கு முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேலுள்ள பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும். அழுக்கானதைச் சமையலுக்கு ஒதுக்குங்கள்.

சேர்த்து வைப்பதென்றால் 15 முதல் 18 டிகிரியில் ஒரு வாரம் வரை தாங்கும். நம் ஊர் வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளேயே 32 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும். அப்போது மூன்று நாளுக்குள் அடை வைத்துவிடுவது நல்லது. பஸ்ஸிலோ பார்சலிலோ வந்த முட்டையை மழுங்கிய முனை மேலே இருக்கும்படி 12 மணி நேரம் அசையாமல் வைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

பெட்டி

மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, நன்றாகக் கழுவிக் காய வைத்தது. 45-க்கு 35 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் 40 முட்டைக்குத் தாராளம். இதனுடன் இரண்டு குண்டு பல்பு (40 வாட்), பீங்கான் ஹோல்டர்கள், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட் போர்டு (சூட்டைப் பார்த்துப் பல்பை எரிய வைத்து அணைப்பது), ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், கம்பி வலை, ஒரு தண்ணீர்த் தட்டு. எல்இடி பல்பு ஆகாது, அதில் சூடு போதாது.

இரண்டு பல்பையும் பேரலலாக இணையுங்கள். நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். பல்புக்கும் தெர்மாகோலுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டு, பின்னால் ஒரு தகரத் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் சுவர் உருகிக் குழியாகிவிடும். ஃபேனைத் தெர்மோஸ்டாட்டோடு சேர்க்காமல் நேராக அடாப்டரில் கொடுங்கள். அது எப்போதும் ஓட வேண்டும், காற்று முட்டை மேல் நேராக அடிக்கக் கூடாது. கீழே இரண்டு, மேலே இரண்டு என்று பென்சில் பருமனில் காற்றுத் துளைகள் போடுங்கள்.

பல்புக்குப் போகும் லைன் ஒயர், போர்டிலுள்ள ரிலே என்னும் சுவிட்சின் இரண்டு முனைகள் வழியாகப் போக வேண்டும், நியூட்ரல் நேராகப் போகலாம். அந்த முனைகளில் 230 வோல்ட் திறந்து கிடக்கும் என்பதால் போர்டைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். ஒயரிங் பழக்கமில்லாதவர்கள் இதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

சூடு

போர்டின் செட்டிங்குகளில் பி0 என்பது 'எச்' (சூடாக்குவது) ஆக இருக்க வேண்டும். 'சி' (குளிர்விப்பது) என்றிருந்தால் சூடு ஏறிய பிறகு பல்பு எரியும், மொத்தமும் வெந்துவிடும். பி1, அதாவது எவ்வளவு சூடு இறங்கினால் பல்பு மீண்டும் எரியும் என்ற அளவு, பொதுவாக 2 டிகிரியில் வரும். அப்படியே விட்டால் 35.7 வரை இறங்கிய பிறகுதான் பல்பு மீண்டும் எரியும். அதை 0.3 ஆகக் குறைத்து, சூட்டை 37.7-ல் வையுங்கள். இது ஃபேன் உள்ள பெட்டிக்கான கணக்கு. சென்சார் முனை முட்டையின் உயரத்தில், பல்புக்கும் ஃபேனுக்கும் தள்ளி இருக்கட்டும்.

போர்டு காட்டும் எண்ணை நம்பிவிடாதீர்கள். ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டுவது சகஜம். சரிபார்க்கக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே நல்ல கருவி, அது துல்லியமாக இருப்பதே இந்த 37, 38 டிகிரியில்தான். டம்ளரில் கை பொறுக்கும் வெந்நீர் எடுத்து, சென்சார் முனையையும் தெர்மாமீட்டர் முனையையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி உள்ளே விடுங்கள். 'பீப்' வந்ததும் இரண்டு எண்களையும் பாருங்கள். 37.7 என்பது பாரன்ஹீட்டில் ஏறக்குறைய 99.9. வித்தியாசத்தை பி4 என்ற திருத்தச் செட்டிங்கில் கொடுத்துத் திருத்திவிடலாம்.

முட்டை வைக்கும் முன் பெட்டியை ஒருநாள் முழுக்க வெறுமனே ஓட்டிப் பாருங்கள். உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் சூடு ஏறி இறங்குவது குறையும், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். கரண்ட் போனால் பெட்டி மேல் போர்வை போடுங்கள், துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். இரண்டு மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பொறுக்கும். 40 டிகிரியைத் தாண்டிய சூட்டைப் பொறுக்காது.

ஈரப்பதம்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். முதல் 14 நாள் 45 முதல் 50% இருந்தால் போதும். வெளிக்காற்று பெட்டிக்குள் சூடானதும் அதன் ஈரப்பத எண் தானாக விழும். வெளியே 30 டிகிரியில் 70% உள்ள காற்று, உள்ளே 37.7 டிகிரிக்கு வந்ததும் சுமார் 45% ஆகிவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பல நாள் தண்ணீரே தேவைப்படாது. சேலத்தில் சித்திரை வெயிலில் வெளியே 35 டிகிரி, 30% என்றால் உள்ளே 26%-க்கு வந்துவிடும், அங்கே தட்டு வைத்தே ஆக வேண்டும். தண்ணீரின் ஆழத்தால் பயனில்லை, பரப்புதான் கணக்கு. ஈரம் கூட்ட அகலத் தட்டு, குறைக்கக் குறுகிய கிண்ணம்.

மீட்டரையும் சோதியுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல்போல் ஆக்கி, மீட்டரோடு காற்றுப் புகாத கவரில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75% காட்ட வேண்டும். 81 காட்டினால் அது எப்போதும் 6 கூட்டிச் சொல்கிறது என்று கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் நிச்சயம் வேண்டுமா? நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில் பத்து முட்டையை எடை போட்டுக் குறித்து வையுங்கள். 115 கிராம் இருந்தது 14-ஆம் நாள் 101, 102 கிராம் ஆகியிருந்தால் சரி. 107-லேயே நின்றால் ஈரம் அதிகம். உள்ளே காற்றறை சிறுத்துப்போய், குஞ்சு ஓட்டைக் கொத்தும்போது மூச்சு முட்டும்.

திருப்புவதும் ஒளியில் பார்ப்பதும்

அடை வைத்து 24 மணி நேரம் முடிந்தால்தான் முதல் நாள். இந்தக் கணக்கில் பிசகுபவர்கள் ஒருநாள் முன்னாலேயே பதற்றப்படுவார்கள். தினமும் மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படை என்றால் இரவில் ஒரே பக்கம் தொடர்ந்து கீழே கிடக்காது. திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். காடை முட்டையின் புள்ளிகளில் பென்சில் அடையாளம் தெரியாது, வெள்ளை சாக்பீஸ் தெரியும்.

எட்டாம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் சின்ன ஓட்டை போட்ட அட்டையை வைத்து முட்டையைப் பாருங்கள். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால் கரு வளர்கிறது, முழுக்க வெளிச்சமாகத் தெரிந்தால் கூமுட்டை. கரும்புள்ளி அதிகமுள்ள முட்டையில் ஒன்றும் புரியாது, அதை விட்டுவிடுங்கள்.

கடைசி மூன்று நாள்

14-ஆம் நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்தி, கம்பி வலை மேல் சாக்குத் துணி விரித்து முட்டைகளைப் படுக்க வையுங்கள். நியூஸ் பேப்பர் வேண்டாம், வழுக்கிக் கால் விரிந்த குஞ்சு பிறகு நிற்கவே நிற்காது. அகலத் தட்டில் தண்ணீரும் ஒரு ஸ்பாஞ்சும் வைத்து ஈரப்பதத்தை 65 முதல் 70% ஆக்குங்கள். மேல் துளைகளைப் பெரிதாக்குங்கள், இப்போது குஞ்சுக்குக் காற்று அதிகம் வேண்டும். பிறகு மூடியைத் தொடாதீர்கள். ஒருமுறை திறந்தால் ஈரம் இறங்கி, பாதி உடைந்த முட்டையின் தோல் காய்ந்து குஞ்சைச் சுற்றிக்கொள்ளும்.

பெரும்பாலும் 17-ஆம் நாள் பொரிக்கும், சில 18 வரை இழுக்கும். கொத்தியதிலிருந்து வெளிவரப் பல மணி நேரம் ஆகலாம். ஓட்டை உரித்து உதவ வேண்டாம். மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் போகாமல் இருந்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும்.

பொரிக்காத முட்டைகளை 19-ஆம் நாள் முடிந்ததும் உடைத்துப் பாருங்கள், காரணம் உள்ளேயே இருக்கும். ரத்த வளையம் மட்டும் இருந்தால் முட்டை பழசு, அல்லது தொடக்கத்தில் சூடு ஏறியிருக்கிறது. முழுதாக வளர்ந்து கொத்தாமலே செத்த குஞ்சு ஈரமாக, நீர் கோத்து இருந்தால் முதல் 14 நாளில் தண்ணீர் அதிகம். எல்லாம் 16-ஆம் நாளே வந்து தொப்புள் ஆறாமல் இருந்தால் சூடு கூடுதல், 19 வரை இழுத்தால் குறைவு.

வெளிவந்த குஞ்சுகளை ரோமம் காய்ந்து பஞ்சுபோல் ஆனபின் எடுத்தால் போதும். வயிற்றிலுள்ள மஞ்சள் கரு ஒருநாள் தாங்கும். முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி சூடும், மிக்ஸியில் பொடித்த ஸ்டார்ட்டர் தீவனமும் கொடுங்கள். குஞ்சின் எடை 7, 8 கிராம்தான் என்பதால் தண்ணீர் மூடியில் கோலிக்குண்டுகளை நிரப்பி வையுங்கள், விரல் கணு ஆழத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும்.