வேடந்தாங்கலில் விடிகாலைப் படம்: ஆறு மணிக்கே கேட்டில் நில்லுங்கள்

வேடந்தாங்கலுக்குப் படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எட்டரைக்குத்தான் வந்து சேருகிறார்கள். அதற்குள் வெயில் ஏறி, நாரைகளின் வெள்ளை இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போயிருக்கும். சரணாலயம் காலை 6 மணிக்குத் திறக்கும், ஜனவரியில் சூரியன் தலைகாட்ட 6.35 ஆகிவிடும். நடுவே கிடைக்கிற அந்த அரை மணியையும், அடுத்த இருபது நிமிஷத்தையும் நம்பித்தான் நான் போகிறேன். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

காரில் ஏசி போடாதீர்கள். முதல் தடவை நான் சில்லென்று போய் இறங்கி கேமராவை வெளியே எடுத்தேன், லென்ஸ் முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கப் படிந்தது. அது தெளிவதற்குள் வக்காக்கள் எல்லாம் மரத்தில் அடைந்துவிட்டன. ராத்திரி முழுக்க இரை தேடிவிட்டு விடியும்போது திரும்புகிற பறவை அது, அந்த நேரம் போனால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பறவைகள் கூடு கட்டியிருப்பது ஏரித் தண்ணீருக்குள் நிற்கிற கடம்ப மரங்களில், நாம் நிற்பது கரையில். அதனால் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுகிற 400 எம்எம் லென்ஸாவது வேண்டும். கரை முழுக்க அலையாமல் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். பத்து நிமிஷம் பார்த்தால் எந்தக் கூட்டுக்கு எந்தப் பக்கமிருந்து இரை வருகிறது என்று பிடிபட்டுவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் கவனியுங்கள், பெரிய பறவைகள் அநேகமாகக் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால் முகம் காட்டி வரும்.

சூரியன் வருவதற்கு முன் பறக்கிற படத்துக்கு ஆசைப்படாதீர்கள். நிழலுருவம் எடுங்கள். வானத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடுகிற வெளிச்சத்தின் அளவு) வைத்து, தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, நத்தைக்குத்தி நாரை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். அதன் மூக்கு முழுசாக மூடாது, நடுவில் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாக ஆரஞ்சு வெளிச்சம் கீற்றாகத் தெரிகிற படம் ஒன்று கிடைத்தால் போதும், வந்த பெட்ரோல் காசு தேறிவிடும்.

வெளிச்சம் வந்ததும் ஷட்டர் ஸ்பீடை 1/1600 விநாடிக்கு ஏற்றுங்கள், அதற்காக ஐஎஸ்ஓ (குறைந்த வெளிச்சத்திலும் படம் எடுக்கக் கூட்டுகிற அளவு, கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) 1600 ஆனாலும் பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தைச் சரிபண்ணலாம், அசைந்த படத்தை ஒன்றும் பண்ண முடியாது. கருத்த இலைகளுக்கு முன்னால் வெள்ளைப் பறவை என்றால் முக்கால் ஸ்டாப் குறையுங்கள், வெளுத்த வானத்துக்கு எதிரே என்றால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஃபோகஸ் கண்ணில். கூழைக்கடா வட்டமடித்து உயர்வது தரை சூடான பிறகுதான், அதற்காக அவசரப்பட வேண்டாம்.

ஃப்ளாஷ் கூடாது, கைதட்டிப் பறக்கவிடுவது கூடவே கூடாது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது.

அப்புறம், கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருஷம் ஒன்றில் விசாரிக்காமல் போய், வெடித்த சேற்றையும் நாலு கொக்கையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.