நிறுவிக் கருவியைத் தேர்ந்தெடுத்தல்: இரண்டாம் பதிப்பை மனத்தில் வைத்து

திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்த பில் மென்பொருளின் இரண்டாம் பதிப்பை நிறுவிவிட்டு வீடு திரும்பிய மாலையில், அச்சக உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, பழைய பில் ஒண்ணையும் காணோமே” என்றார். மூன்று மாதக் கணக்குகள் இருந்த தரவுத்தளக் கோப்பின் மீது, என் நிறுவி (மென்பொருளைக் கணினியில் பதிக்கும் நிரல்), தன் பொதியில் நான் வைத்திருந்த வெற்றுக் கோப்பை எழுதிவிட்டிருந்தது. பில் புத்தகத்தின் மஞ்சள் நகல்தாள்களைப் புரட்டி, மங்கிய கார்பன் எண்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு நாள்கள் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி ஏற்றினோம். அதனால், விண்டோஸ் மென்பொருளுக்கு நிறுவி தயாரிக்கும் கருவியைத் தேடுபவர்கள், பதிப்பு மாறும்போது வாடிக்கையாளரின் கோப்பை அது என்ன செய்யும் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

முதல் படி, யார் நிறுவப்போகிறார்கள் என்று தீர்மானிப்பது. கடைக்காரரே பென்டிரைவிலிருந்து நிறுவுவதென்றால் ஒற்றை எக்ஸி கோப்பு போதும். பெரிய அலுவலகத்தின் கணினிப் பிரிவு, குரூப் பாலிசி (அலுவலகக் கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் வசதி) மூலம் பல கணினிகளில் ஒரே நேரத்தில் நிறுவுவதென்றால் விண்டோஸின் சொந்த நிறுவும் சேவையான விண்டோஸ் இன்ஸ்டாலர் படிக்கும் எம்எஸ்ஐ கோப்பைக் கேட்பார்கள்.

இரண்டாவது படி, கருவி. தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜோர்டான் ரஸ்ஸல் உருவாக்கி 1997 முதல் வெளிவரும் இன்னோ செட்டப். அதன் விசார்டு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட் தயாராகிவிடும். நீக்கும் நிரலையும் அதுவே உருவாக்கிவிடும். வின்ஆம்ப் பாடல் இயக்கியைத் தந்த நல்சாஃப்ட் நிறுவனத்தில் பிறந்த என்எஸ்ஐஎஸ் கருவியில், எதை நீக்க வேண்டும் என்பதை நாமேதான் எழுத வேண்டும். அதில் நிறுவிய கோப்புறையை முழுவதுமாக அழிக்கும் கட்டளையை எழுதிவைத்து, பயனர் டெஸ்க்டாப்பையே நிறுவும் இடமாகத் தேர்ந்திருந்தால், அங்குள்ள அனைத்தும் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே புதியவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை. எம்எஸ்ஐ கட்டாயம் என்றால் அதைத் தயாரிக்கும் விக்ஸ் கருவி சிறந்தது. ஆனால் விவரங்களை எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதப் பொறுமை வேண்டும். பதிப்பு எண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒப்பிடும் என்பதால், 1.0.0.1, 1.0.0.2 இரண்டும் அதற்கு ஒன்றே என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது படிதான் என்னை வீழ்த்தியது. இன்னோ செட்டப் விசார்டு, நாம் சேர்க்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ‘இக்னோர்வெர்ஷன்’ என்ற ஒரே கொடியை, அதாவது பதிப்பைப் பாராமல் மேலெழுதச் சொல்லும் குறிச்சொல்லை, எழுதிவைக்கும். நிரல் கோப்புகளுக்கு அது சரி. தரவுத்தளத்துக்கு அந்தக் கொடியை அழித்துவிட்டு, ‘ஒன்லி இஃப் டஸன்ட் எக்ஸிஸ்ட்’, ‘அன்இன்ஸ் நெவர் அன்இன்ஸ்டால்’ என்ற இரண்டையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதுங்கள். முதலாவது, கோப்பு ஏற்கெனவே இருந்தால் தொடாதே என்கிறது. இரண்டாவது, மென்பொருளை நீக்கினாலும் அதை விட்டுவை என்கிறது. கொடியை மட்டும் அழித்துவிட்டு வேறெதுவும் எழுதாமல் விட்டாலும் பயனில்லை, ஏனெனில் பதிப்புத் தகவல் இல்லாத கோப்பை இன்னோ செட்டப் இயல்பாகவே மேலெழுதும். எம்எஸ்ஐ வழியில், உருவாக்கிய தேதிக்குப் பிறகு திருத்தப்பட்ட கோப்பை விண்டோஸ் இன்ஸ்டாலர் பயனருடையதாகக் கருதி விட்டுவிடும். எனினும், பழைய பதிப்பை முழுவதும் நீக்கிய பிறகே புதியதை நிறுவும்படி அமைத்திருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அங்கே கோப்பே இருக்காது. ஆகவே அந்தக் கோப்பு அடங்கிய பகுதியை ‘பெர்மனென்ட்’ என்று குறிப்பது அவசியம்.

அடுத்து, இன்னோ செட்டப் ஸ்கிரிப்டில் நம் மென்பொருளை அடையாளம் காட்டும் ஆப்ஐடி. விசார்டு ஒருமுறை தரும் அடையாள எண்ணைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றாதீர்கள். மாற்றினால் கன்ட்ரோல் பேனலில் அதே மென்பொருள் இரண்டு முறை தெரியும். எண்ணின் தொடக்கத்தில் இரண்டு நெளிவு அடைப்புக்குறிகளும் முடிவில் ஒன்றும் இருப்பதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடவும் கூடாது.

இறுதியாகச் சோதனை. கணினிக்குள் மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் சுத்தமான விண்டோஸ் ஒன்றை நிறுவி, அதன் ஸ்னாப்ஷாட்டை (அந்த நிலையின் நகலை) எடுத்துவையுங்கள். முதல் பதிப்பை நிறுவி மூன்று பில்கள் போடுங்கள். அதன் மேல் இரண்டாம் பதிப்பை நிறுவி, மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: இந்த முறையைப் பின்பற்றிய நண்பர் ஒருவருக்கு, தரவுத்தளத்தில் எழுத முடியவில்லை என்ற பிழை வந்தது. அவர் தரவுத்தளமான எஸ்க்யூலைட் கோப்பை, எல்லாப் பயனருக்கும் பொதுவான தரவுகளுக்கான புரோகிராம்டேட்டா கோப்புறையில் சரியாகத்தான் வைத்திருந்தார். ஆனால் நிர்வாகி உரிமையுடன் நிறுவி உருவாக்கிய கோப்பைச் சாதாரணப் பயனர் திருத்த முடியாது. எஸ்க்யூலைட் தனது ஜர்னல் கோப்பையும் (மாற்றங்களைத் தற்காலிகமாகப் பதியும் துணைக்கோப்பு) அதே இடத்தில் உருவாக்குவதால், கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுப்பதைவிடக் கோப்புறைக்கே கொடுப்பது நல்லது. ஸ்கிரிப்டின் ‘டர்ஸ்’ பகுதியில் அந்தக் கோப்புறையைக் குறிப்பிட்டு, ‘யூசர்ஸ்-மாடிஃபை’ அனுமதியை எழுதிய பிறகு அவருக்குப் பிழை வரவில்லை.