இல்லத்தில் இருக்கும் உறவுக் குழந்தையைத் தத்தெடுப்பது எப்படி?

அக்காவும் மாமாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளை குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறது. சித்தி எடுத்து வளர்க்கலாம் என்று நினைக்கிறார். உடனே யாராவது ஒருவர், "பத்திரத்துல எழுதி நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது" என்பார். முடியாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரை மாற்ற முடியாது. பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட குழந்தையைச் சட்ட நடைமுறைக்கு வெளியே தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்கூட.

இந்தியாவில் இதற்கான வழி 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும்தான். எந்த மதத்தவரும் இதன்படி தத்தெடுக்கலாம்.

1. நீங்கள் 'உறவினர்'தானா என்று பாருங்கள்

சட்டத்தின் பட்டியல் சிறியது: பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகள். அவ்வளவுதான். சொந்த அண்ணனோ அக்காவோ, ஒன்றுவிட்ட அண்ணனோ இதில் வரமாட்டார்கள். அவர்கள் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாவலர் ஆக முயலலாம்.

உறவினருக்குச் சில சலுகைகள் உண்டு. தத்தெடுப்போருக்கான வயது வரம்பு பொருந்தாது. தம்பதிக்குத் திருமணமாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. ஆனால் தனியாக வாழும் ஆணால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

2. குழந்தைகள் நலக் குழுவிடம் உடனே போங்கள்

என் கணக்கில் மிக முக்கியமான படி இதுதான். பலர் காரியமெல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது இங்கேதான்.

இல்லத்தில் இருக்கும் குழந்தையின் பொறுப்பு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் இருக்கிறது. தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு இது. இல்லத்துப் பொறுப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் குழுவின் ஆணை இல்லாமல் குழந்தையை உங்களோடு அனுப்ப முடியாது. உறவினர் யாரும் வரவில்லை என்றால், குழு விசாரித்துவிட்டு அந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கத் தகுதியானது என்று அறிவிக்கலாம். இதற்குச் சட்டம் வைத்திருக்கும் அவகாசம் 2 வயது வரையான குழந்தைக்கு 2 மாதம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 4 மாதம். அறிவித்த பிறகு குழந்தை நாடு முழுவதற்குமான பொது வரிசைக்குப் போய்விடும். அப்போது 'நான்தான் தாய்மாமன்' என்று போய் நின்றால் கதை வேறு.

எனவே முதல் மனுவில் இரண்டைக் கேளுங்கள்: குழந்தையைத் தற்போது உங்கள் பராமரிப்பில் விட வேண்டும்; பின்னர் தத்தெடுக்கவும் விரும்புகிறீர்கள். இதை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீடு சொந்தமா வாடகையா என்பதைவிடக் குழந்தை எங்கே தூங்கும், நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்குத் தெளிவான பதில் வைத்திருங்கள். வருகிறார்கள் என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்.

செலவு சமாளிக்க முடியாத குடும்பம் என்றால், மிஷன் வாத்சல்யா என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். தகுதி இருந்தால் கிடைக்கும்.

3. சம்மதங்களும் காகிதங்களும்

பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் நலக் குழுவின் அனுமதி. குழந்தைக்கு 5 வயது ஆகிவிட்டால் அதன் சம்மதமும் கட்டாயம். இதற்காக 'சித்திகூட இருக்கேன்னு சொல்லு கண்ணு' என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அம்மாவின் பெயரை மறந்துவிட வேண்டுமோ என்ற பயம் பல பிள்ளைகளுக்கு இருக்கும். அதற்குப் பதில் சொல்லுங்கள், போதும்.

பிறகு மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் காரிங்ஸ் இணையதளத்தில் பதிவு. பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, பான் அட்டை, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று ஆகியவற்றோடு உறவுமுறையையும் பொருளாதார நிலையையும் உறுதிசெய்யும் பிரமாணப் பத்திரம் வேண்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் உறவை நிரூபிக்கும் இடத்தில். அக்காவின் பள்ளிச் சான்றிதழில் 'ஆ. செல்வி', உங்கள் ஆதாரில் அப்பா பெயர் 'ஆறுமுகம்', குழந்தையின் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் 'செல்வராணி' என்று இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். வாரிசுச் சான்று, பழைய குடும்ப அட்டை போன்றவற்றை இப்போதே தேடுங்கள்.

4. ஆட்சியரின் ஆணை

முன்பு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தத்து ஆணை வழங்குவது மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் பாதுகாப்பு அலகு வழியாகப் போகும். 2 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

5. ஆணை வந்த பிறகு

ஆணையைக் கொடுத்து, உங்களைப் பெற்றோராகக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். ஆதாரையும் பள்ளிப் பதிவையும் அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். இறந்த பெற்றோர் வழியாகக் குழந்தைக்கு ஏற்கெனவே வந்துசேர்ந்த வீடோ நிலமோ இருந்தால், தத்தினால் அது போய்விடாது, அது குழந்தைக்கே சொந்தம். பத்திரத்தைக் குழந்தையின் பெயரிலேயே பத்திரமாக வைத்திருங்கள்.