ஒரே வாசகம், ஒரே நாள்: நார்வே ஆசிரியர்களின் எதிர்ப்பை வகுப்பில் நடத்துவது எப்படி

எதிர்ப்பு இயக்கம் என்றதும் மாணவர்கள் தகர்ந்த பாலங்களையும் துப்பாக்கிகளையும் எதிர்பார்ப்பார்கள். வரலாற்று ஆசிரியராக நான் அங்கிருந்து தொடங்குவதே இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் மக்கள் எப்படித் திரண்டார்கள் என்று புரியவைக்க, 1942இல் நார்வே ஆசிரியர்கள் செய்ததையே எடுத்துக்கொள்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி படையெடுத்தது. 1942 பிப்ரவரியில் அதன் ஆதரவோடு ஆட்சித் தலைவரான நார்வே நாஜிக் கட்சித் தலைவர் குவிஸ்லிங், ஆசிரியர்கள் எல்லோரும் புதிய அரசுச் சங்கத்தில் சேர வேண்டும், சிறுவர் சிறுமியர் தன் கட்சி வழியிலான இளைஞர் அமைப்பில் சேர வேண்டும் என்று சட்டம் போட்டார்.

இனி மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, இதற்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஒருவர் காதில் ஒருவராகக் கடைசி வரிசைவரை கடத்தட்டும். வீர வசனங்கள் பாதி வழியிலேயே சிதைந்துவிடும். இரண்டு வரிக் கடிதம் பிழைத்துக்கொள்ளும். ஏன் என்று அவர்களே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். ஆஸ்லோவில் ஒரு இரகசியக் குழு சிறிய வாசகம் ஒன்றை உருவாக்கியது. அந்த இளைஞர் அமைப்பின் வழியில் கல்வி தருவது என் மனசாட்சிக்கு விரோதமானது, அதில் பங்கேற்க முடியாது, இந்தச் சங்கத்தின் உறுப்பினராக என்னைக் கருதவில்லை என்பதே அதன் சாரம். நம்பகமானவர்கள் வழியாக அது நாடெங்கும் பரவியது. பிப்ரவரி 20 அன்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அதே வாசகத்தைச் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினார்கள்.

இங்கே நிறுத்தி, எது மறைவாக நடந்தது, எது வெளிப்படையாக நடந்தது என்று கேளுங்கள். பாடத்தின் உயிர் இந்தக் கேள்விதான். வாசகத்தை எழுதியவர்களும் கொண்டுபோனவர்களும் மறைந்திருந்தார்கள். மறுத்தவர்களோ பெயரோடு நின்றார்கள். ஒரே நாளில் வந்து குவிந்ததால் யாரையும் தனியாகப் பிரித்து மிரட்ட முடியவில்லை.

விலையை மறைக்காதீர்கள். பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச்சில் சுமார் 1,100 ஆசிரியர்கள் கைதானார்கள். அவர்களில் பல நூறு பேர் கப்பலில் வடகோடி கிர்கெனெஸுக்குக் கொண்டுபோகப்பட்டு, கட்டாய உழைப்பில் தள்ளப்பட்டார்கள். மிரட்டலுக்குப் பணிந்து கையெழுத்தைத் திரும்பப் பெற்றவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று வகுப்பு தீர்ப்பளிக்க விடாதீர்கள். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

கைதானவர்களின் குடும்பங்களுக்கு இரகசியமாகப் பணம் திரட்டித் தரப்பட்டது. இதற்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். யார் வசூலித்திருப்பார்கள், கணக்கை எங்கே வைத்திருப்பார்கள், பிடிபட்டால் யார் யார் மாட்டுவார்கள் என்று மாணவர்கள் யோசிக்கத் தொடங்கினால், கையெழுத்துப் போடாத எத்தனையோ பேர் இதற்குள் இருந்தது அவர்களுக்குப் புலப்படும்.

1942 முடிவதற்குள் கிர்கெனெஸிலிருந்து ஆசிரியர்கள் திரும்பிவிட்டார்கள். குவிஸ்லிங் திட்டமிட்ட சங்கம் கடைசிவரை உருப்பெறவில்லை.