முகமும் கழுத்தும் ஒரே நிறமாக: மாநிற, கருநிறத் தோலுக்கான மேக்கப் வழிகாட்டி

மணமேடையில் மாலையைப் பிடித்திருக்கும் கை ஒரு நிறமாகவும் முகம் வேறொரு நிறமாகவும் தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணப்பெண்ணைக் கேட்காமலேயே அவளுடைய நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுத்த ஃபவுண்டேஷனை (முகம் முழுக்கப் பூசும் அடிப்பூச்சை) எடுக்கும் பழக்கம் பல பார்லர்களில் இன்னும் இருக்கிறது. 'கொஞ்சம் பளிச்சென்று' என்று வீட்டார் கேட்பதும் இதற்கு ஒரு காரணம். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. கல்யாண வீடுகளில் மட்டும் 'பொண்ணு நல்ல கலரா?' என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. உங்கள் நிறத்தை மாற்றாமல், அந்த நிறத்திலேயே எடுப்பாகத் தெரிவதற்கு மேக்கப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதையே இங்கே சொல்கிறேன்.

முதலில் ஷேடு. கடையில் புறங்கையில் தடவிப் பார்ப்பதால் பயனில்லை. கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, உங்கள் நிறத்துக்கு நெருக்கமான மூன்று ஷேடுகளைத் தாடை எலும்பிலிருந்து கழுத்து வரை மூன்று கோடுகளாகத் தீட்டுங்கள். அதன் பிறகு கடையை விட்டு வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் எதுவும் இல்லாத கேமராவில் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுவே உங்கள் ஷேடு. ஆனால் உடனே முடிவெடுக்க வேண்டாம்: பல ஃபவுண்டேஷன்கள் காற்றும் தோலின் எண்ணெயும் பட்டதும் கால் மணி நேரத்துக்குள் சற்றுக் கறுக்கும் என்பதால், ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்ப்பது நல்லது. நம்மில் பலருக்கு நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிடக் கறுத்திருக்கும். அப்போது எதற்குப் பொருத்துவது என்ற குழப்பம் வரும். கழுத்துக்குப் பொருத்துங்கள்.

கறுப்பு என்பது ஒரே நிறம் அன்று. பொன்னிறம் ஓடும் கறுப்பு உண்டு, செம்மண் சாயல் உண்டு, லேசாகப் பச்சை கலந்த ஆலிவ் சாயலும் உண்டு. மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வார்கள். கறுத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது என்பதால் அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஷேடு அளவில் சரியாக இருந்தும் முகம் சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தால், சாயல் தவறியிருக்கிறது என்று பொருள். அதே அடர்த்தியில் மஞ்சளோ சிவப்போ கூடிய ஒன்றைக் கேளுங்கள். 2017-இல் ஃபென்டி பியூட்டி என்ற மேக்கப் பிராண்டு ஒரே நேரத்தில் 40 ஷேடுகளுடன் வந்த பிறகு அடர்நிற ஷேடுகள் முன்பைவிடக் கூடுதலாகக் கிடைக்கின்றன. அப்படியும் கிடைக்காவிட்டால் இரண்டைக் கலந்துகொள்ளலாம்.

சாம்பல் பூப்பதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தின் மேல் நேராக வெளுத்த கன்சீலரை (கருமையை மறைக்கும் பூச்சை) வைப்பது. கருவளையத்தில் நீலச் சாயல் இருப்பதால், அதற்கு எதிர்நிறமான ஆரஞ்சு கரெக்டரை மெல்லிசாகத் தட்டி, அதன் மேல் உங்கள் நிறத்துக் கன்சீலரை வைத்தால் அந்தச் சாம்பல் மறையும். மற்றொன்று, வெள்ளைப் பவுடரும், துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு மிகுந்த சன்ஸ்கிரீனும். ஃப்ளாஷ் படங்களில் முகம் மாவு பூசியதுபோல் வெளிறுவதற்கும் பெரும்பாலும் இவைதான் காரணம். லிப்ஸ்டிக்கைப் பொறுத்தவரை, கறுப்பாக இருப்பவர்கள் சிவப்புப் போடக் கூடாது என்பது வெறும் பேச்சு. செங்கல் சிவப்பு, மெரூன், நாவற்பழ நிறம் எல்லாம் நம் தோலில் நன்றாக எடுபடும்.

மேக்கப்புக்கு முன்பே முகத்தை வெளுக்க வைக்கலாம் என்று யாராவது கிரீம் கொடுத்தால் கவனமாக இருங்கள். மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு, எந்த வகை மெலனினை உண்டாக்குகின்றன என்பதில்தான் நிறம் வேறுபடுகிறது. வெயிலில் கறுத்ததைக் குறைக்கலாமே தவிர, பிறவி நிறத்தை ஒரு கிரீம் பாதுகாப்பாக மாற்றிவிடாது. லேபிளோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லாத சிவப்பழகுக் கிரீம்களில் பாதரசம் இருக்கக்கூடும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை முதல் சில வாரங்களில் முகத்தைப் பளபளப்பாக்கி, பிறகு தோலை மெலியச் செய்து, பருவும் சிவப்பு நரம்புகளும் தோன்ற வைத்துவிடும். மாதக்கணக்கில் தடவியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுக்கத் தொடங்கினாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். சில பசைகளில் உள்ள ஒரு வேதிப்பொருள் அங்கே நிறமியை அழிக்கிறது.

பார்லருக்குப் போகும்போது கூச்சப்படாமல் பேசுவதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "என் கழுத்து நிறத்துக்கே போடுங்க, ஒரு ஷேடுகூட ஏத்த வேண்டாம்." முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லி, பகல் நேரத்தில் ஒரு ட்ரையல் கேளுங்கள், உங்கள் நிறத்தில் அவர்கள் செய்த மணப்பெண்களின், எடிட் செய்யாத படங்களையும் கேளுங்கள். படம் எடுப்பவரிடமும் தனியாகச் சொல்ல வேண்டும். மேக்கப் கலைஞர் கவனமாகச் செய்ததை ஆல்பத்தில் வெளுத்து அழித்துவிடுவது உண்டு. பெரியம்மா "இன்னும் கொஞ்சம் வெளுப்பா போடச் சொல்லேன்" என்றால், வாதம் செய்யாமல் "எனக்கு இது பிடிச்சிருக்கு பெரியம்மா" என்று முடித்துக்கொள்ளலாம்.

மேக்கப் இல்லாமல் வாசலைத் தாண்டவே தயக்கமாக இருக்கிறது என்பவர்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் விட முயல வேண்டாம். முதல் வாரம் ஃபவுண்டேஷனை மட்டும் விட்டு, கண்மையும் பொட்டுமாகப் பால் வாங்கப் போய் வாருங்கள். அடுத்த வாரம் அப்படியே நூலகத்துக்கு, பிறகு அலுவலகத்துக்கு. யார் என்ன சொல்வார்கள் என்று போவதற்கு முன் எழுதி வைத்து, உண்மையில் யார் என்ன சொன்னார்கள் என்று வந்த பின் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆனால் ஒரு நாளில் மணிக்கணக்காகக் கண்ணாடி முன் நிற்பதும், முகத்தைக் காட்டப் பயந்து வேலையையோ வகுப்பையோ தவிர்ப்பதும் தொடர்ந்தால், அது மேக்கப்பால் தீர்வதன்று. மனநல மருத்துவரை அணுகலாம். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.