நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு முகம்: ரா படத்தில் ஓர் இடத்தை மட்டும் திருத்துவது எப்படி?

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் காலை ஏழரை மணிக்கு எடுத்த படம். பூக்கார அக்கா குனிந்து மல்லிகையைத் தராசில் அள்ளிப் போடுகிறார். தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய், பின்னால் வெயில் விழும் பாதை. பாதை வெளுத்துக் கிடக்கிறது, அக்காவின் முகமோ இருட்டு, அதுவும் தார்ப்பாய் வழியாக வந்த வெளிச்சத்தில் நீலமேறிப்போய் இருக்கிறது. மொத்தப் படத்துக்கும் வெளிச்சம் கூட்டினால் பாதையே காணாமல் போகும். ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சாயலை, மஞ்சள் பக்கம் தள்ளினால் முகம் தேறிவிடும், ஆனால் வெயிலில் குவிந்திருக்கும் மல்லிகை முழுக்க நேற்றுப் பறித்தது போலப் பழுத்துவிடும்.

இந்த மாதிரி இடத்தில்தான் மாஸ்க் வேண்டும். திருத்தம் எந்த இடத்தில் விழ வேண்டும், எங்கே விழக் கூடாது என்று சொல்லும் மறைப்பு அது. நான் டார்க்டேபிளில் காட்டுகிறேன், இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லைட்ரூம் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு பொத்தான்கள்தான் வேறு, யோசனை இதேதான்.

ஜேபெக்கில் இதை முயல வேண்டாம். அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ரா கோப்பில், அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், 16,384. இருட்டிலிருந்து முகத்தைத் தூக்கும்போது இந்த வித்தியாசம் கன்னத்திலேயே தெரியும்.

1. முதலில் மொத்தப் படம்

எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பாதையும் முகமும் இரண்டுமே ஓரளவு தாங்கும் அளவில் வையுங்கள். ஒயிட் பேலன்ஸை வெயிலில் இருக்கும் மல்லிகைக்குப் பொருத்துங்கள். முகம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

2. முகத்துக்கு வெளிச்சம்

எக்ஸ்போஷர் பகுதியின் தலைப்பில் இருக்கும் நகல் பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் ‘நியூ இன்ஸ்டன்ஸ்’ என்பதைத் தேர்ந்து, புதிதாக இன்னொரு எக்ஸ்போஷரைத் திறந்துகொள்ளுங்கள். பழையதைத் தொடாதீர்கள், அது மொத்தப் படத்துக்கானது. புதியதில் 0.7 ஈவி (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கூட்டுங்கள். படம் முழுக்க வெளுக்கும், பயப்பட வேண்டாம்.

இப்போது அதன் அடியில் உள்ள மாஸ்க் வரிசையில் டிரான் மாஸ்க்கை (நாமே வரையும் மறைப்பு) அழுத்தி, நீள்வட்டத்தைத் தேர்ந்து முகத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் வட்டம் பெரிதாகும், சிறிதாகும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு சுழற்றினால் வெளியே ஒரு புள்ளிக்கோடு விரியும். உள்கோட்டிலிருந்து அந்தப் புள்ளிக்கோடு வரை திருத்தம் மெல்ல மெல்லக் கரைகிறது என்று அர்த்தம். தாராளமாக விரியுங்கள், தோள் வரை போனாலும் பரவாயில்லை. புதிதாகச் செய்பவர்கள் முகத்தின் ஓரத்தை ஒட்டி இறுக்கமாக வரைந்துவிடுகிறார்கள், அப்புறம் முகம் மட்டும் வெட்டி ஒட்டியது போல நிற்கும்.

3. கூந்தல் ஓரத்து வெள்ளை வளையம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அக்காவின் கூந்தலுக்குப் பின்னால் வெயில் பாதை இருக்கிறது இல்லையா, நம் நீள்வட்டம் அதையும் தொட்டுவிட்டதால் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் வந்திருக்கும். டிரான் மாஸ்க்கோடு பாராமெட்ரிக் மாஸ்க்கும் சேர்ந்து வேலை செய்யும் பொத்தானுக்கு மாறுங்கள். இது வெளிச்ச அளவை வைத்து இடத்தைப் பிரிக்கும். ‘ஜி’ என்ற தாவலில், வலது முனையில் இருக்கும் இரண்டு முக்கோணங்களையும் இடப்பக்கம் இழுங்கள், ஆனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மாஸ்க்கைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் திருத்தம் விழும் இடம் மஞ்சளாகத் தெரியும். பாதையின் மேலிருந்து மஞ்சள் விலகி, முகத்திலும் கூந்தலிலும் மட்டும் தங்கினால் சரி. முடி ஓரம் இன்னும் பிசிறாக இருந்தால் ஃபெதரிங் ரேடியஸைக் கொஞ்சம் கூட்டுங்கள், மாஸ்க் படத்தின் ஓரங்களைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும்.

4. நீலத்தை எடுப்பது

நிறத்தைத் திருத்தும் பகுதியான கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி-க்கும் ஒரு நகல் எடுங்கள். மறுபடி வரைய வேண்டாம்: ராஸ்டர் மாஸ்க்கை அழுத்தி, பட்டியலில் நம் இரண்டாவது எக்ஸ்போஷரைத் தேர்ந்தால் அதே மாஸ்க் இங்கே வந்துவிடும், அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும். இப்போது ஹைலைட்ஸ் கெயினில் நிறத்தை ஆரஞ்சுப் பக்கம் வைத்து, க்ரோமாவை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, துளித்துளியாக ஏற்றுங்கள். மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவேன் நான். வெளிறிய நீலத்திலிருந்து அது தங்கமாகத் திரும்பும் இடத்தில் நிறுத்திவிடுவேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அக்காவின் நிறம் கருப்பு, அது அழகான கருப்பு. நாம் எடுப்பது தார்ப்பாயின் நீலத்தை மட்டும்தான். முகத்தைச் சிவப்பாக்கிக் காட்டும் பழக்கம் நம் கல்யாண ஆல்பங்களில் நிறையவே இருக்கிறது, அந்த வேலைக்கு இந்த மாஸ்க்கைப் பயன்படுத்தாதீர்கள். முகமும் கையும் ஒரே ஆளுடையதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் முகத்தில் கூட்டியது அதிகம்.

5. பாதை

மூன்றாவது எக்ஸ்போஷர், கழித்தல் 0.5 ஈவி, கிரேடியன்ட் மாஸ்க் (ஒரு பக்கத்திலிருந்து மெல்லக் கரையும் மறைப்பு) பாதை இருக்கும் பக்கத்திலிருந்து. ரா கோப்பிலேயே வெளுத்து முடிந்துபோன இடம் இதனால் திரும்பி வராது, சாம்பலாகத்தான் ஆகும். அப்படி ஆனால் குறைத்ததைத் திரும்ப விடுங்கள்.

ஏற்றுமதி செய்யும் முன் ஐந்து நிமிடம் எழுந்து போய்விட்டு வந்து, படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண் முதலில் தராசுக்கும் அக்காவின் முகத்துக்கும் போக வேண்டும். முகத்தைச் சுற்றிய வெளிச்சத்துக்குப் போனால் மாஸ்க்கின் ஒப்பாசிட்டியை, அதாவது திருத்தம் விழும் அழுத்தத்தை, 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். நான் அப்படித்தான் இறக்கி, அப்புறம்தான் அக்காவின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.