ஒசாகாவுக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு டிரைவரோடு கார் ஏற்பாடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் கார் நேரத்துக்கு வரும், டிரைவர் மரியாதையாக நடந்துகொள்வார், வண்டி பளிச்சென்று இருக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் ஒசாகா போகிற நம் மேனேஜர்கள், டைரக்டர்கள் பயணத்தில் கார் குழப்பம் வந்துகொண்டேதான் இருக்கிறது, பெரும்பாலும் அது இங்கே புக்கிங் செய்கிற மேசையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. சென்னையில் டிரைவரிடம் "அண்ணே, அப்படியே கிண்டியில ஒரு இடம் எட்டிப் பாத்துட்டுப் போயிடலாம்" என்று சொன்னால் முடிந்தது. அங்கே டிரைவர் தன் இஷ்டத்துக்கு வழியை மாற்ற மாட்டார், தன் அலுவலகத்தைக் கேட்பார், அடுத்த பயணம் இருந்தால் முடியாது என்றும் சொல்லிவிடுவார். முந்தின நாளே எழுத்தில் போய்ச் சேர்ந்ததுதான் நடக்கும்.

முதலில் விமான நிலையம். ஒசாகாவுக்கு இரண்டு இருக்கின்றன என்பதைக் கவனிக்காமல் புக் செய்வது சர்வ சாதாரணம். கடலில் செயற்கைத் தீவு போட்டுக் கட்டி 1994-ல் திறந்த கன்சாய் சர்வதேச விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இன்னொன்று இதாமி, ஒசாகாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற உள்நாட்டு நிலையம். டோக்கியோ ஹனேடாவில் விமானம் மாறி வருகிறவர் பெரும்பாலும் இதாமியில்தான் இறங்குவார், ஆனால் டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் ஒசாகா என்று மட்டும் பார்த்துவிட்டு கன்சாய்க்குக் கார் அனுப்பிவிடுகிறார்கள். விமான எண்ணையும், எந்த நிலையம், எந்த டெர்மினல் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். கன்சாயில் டெர்மினல் இரண்டு தனியாக, தள்ளி இருக்கிறது, சில பட்ஜெட் விமானங்கள் அங்கே வரும்.

தேதியையும் இரண்டு தடவை பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு இங்கே கிளம்பினால் அங்கே இறங்குவது மறுநாள். ஜப்பான் நம்மை விட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் நம் நேரத்தில் போட்ட காலண்டர் அழைப்பை அப்படியே அங்கே அனுப்பினால் நிச்சயம் யாராவது ஒருவர் தப்பாகப் படிப்பார். "ஒசாகா நேரப்படி காலை 8:40" என்று எழுதிவிட்டால் பேச்சே இல்லை.

பெயர்ப் பலகை சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நம்மவர்களுக்கு இது தனித் தலைவலி. ஆபீஸில் எல்லோரும் எஸ். முருகன் என்று கூப்பிடுவார்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறி சுப்பிரமணியன் முருகன் என்று இருக்கும். புக்கிங் செய்கிறவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் குடும்பப் பெயரை மட்டும் கொடுக்க, டிரைவர் "மிஸ்டர் சுப்பிரமணியன்" என்று பலகை பிடித்துக்கொண்டு நிற்பார், முருகன் தன் பெயரைத் தேடிக்கொண்டே அவரைக் கடந்து போய்விடுவார். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதை எழுத்து எழுத்தாக நீங்களே சொல்லிவிடுங்கள், அதை அப்படியே பயணிக்கும் அனுப்புங்கள். கம்பெனி வாங்குவது விற்பது மாதிரி ரகசியப் பேச்சுக்குப் போகிறவர் என்றால் கம்பெனி பெயர் பலகையில் வரவே கூடாது, அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, போன். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற சிம், இசிம் பலவற்றில் டேட்டா மட்டும்தான், அழைப்பு எண் கிடையாது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், அங்கே பொதுவாக எல்லோரும் பயன்படுத்துவது லைன் ஆப். டிரைவருக்கு ஆங்கிலம் வரும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆங்கிலம் பேசுகிறவர் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு உறுதி வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்னவென்றால், ஆங்கிலத்தில் பேசக்கூடிய அவர்களுடைய அலுவலக எண் ஒன்றை வாங்கிப் பயணியிடம் கொடுத்துவிடுவது, அதோடு நம் நாட்டு எண்ணின் ரோமிங்கை இறங்கும் நாளுக்காவது போட்டு வைப்பது.

இப்போது காசு. பில் வந்த பிறகுதான் சண்டையே வரும். டிரைவரோடு முன்பதிவு செய்து எடுக்கிற இந்தக் காருக்கு அங்கே ஹையா என்று பெயர், டாக்ஸி வேறு, இது வேறு. மணிக் கணக்கு வாடகை என்றால் பொதுவாக உங்கள் ஆள் ஏறின நிமிடத்திலிருந்து இறங்கின நிமிடம் வரைக்கும் கிடையாது. வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பின நேரத்தில் ஆரம்பித்து, ஷெட்டுக்குத் திரும்பின நேரம் வரை ஓடும். மூன்று மணி நேர வேலைக்கு நான்கரை மணி நேரத்துக்குப் பில் போட்டிருக்கிறார்களே என்று கோபப்பட்டு மெயில் எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. எக்ஸ்பிரஸ்வே சுங்கமும் பார்க்கிங்கும் தனியாக வரலாம், 10 சதவீத நுகர்வு வரி சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேட்க வேண்டும், ரத்து செய்தால் எவ்வளவு, விமானம் தாமதமானால் எத்தனை நிமிடம் இலவசக் காத்திருப்பு, கூடுதல் நேரம் அரை மணிக் கணக்கா ஒரு மணிக் கணக்கா, இத்தனையையும் கொட்டேஷனிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டுக் குறைவாக இருப்பதை எடுப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு என்பேன், ஏனென்றால் ஒருவர் சுங்கம் சேர்த்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் சேர்க்காமல் சொல்லியிருப்பார்.

காலை ஆறு மணிக்கு விமான நிலையம், பகலெல்லாம் மீட்டிங், இரவு டின்னர், பதினொன்றரைக்கு ஹோட்டல், எல்லாம் ஒரே கார், ஒரே டிரைவர் என்று அட்டவணை போடுகிறார்கள். நடக்காது. டிரைவர்களுக்கான ஓவர்டைம் வருடத்துக்கு 960 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிற சட்ட வரம்பு 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது, ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. பகலுக்கு ஒரு வண்டி, இரவுக்கு ஒரு வண்டி என்று பிரித்துக் கேளுங்கள். நடுவில் டிரைவர் சாப்பிட நேரம் விடுங்கள், அவரும் மனுஷர்தானே.

வண்டி அளவில் ஏமாறுவது எளிது. டொயோட்டா அல்ஃபார்டில் டிரைவரோடு சேர்த்து ஏழு இருக்கை, ஆறு பேர் போகலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். ஆறு பேரும் கைப்பையோடு டின்னருக்குப் போனால் சரி. ஆளுக்கொரு பெரிய சூட்கேஸ் என்றால் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர்தான், அதற்கு மேல் ஹையேஸ் வேன் எடுக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல், ஹையேஸின் உயரக் கூரை வகை பல கட்டட பார்க்கிங்குகளுக்குள் நுழையாது. பெட்டிகளின் எண்ணிக்கையும் அளவும் தெரியாமல் வண்டி புக் செய்யாதீர்கள்.

அடுத்தது இடம். ஒசாகாவைப் பற்றித் தெரியாமல் மேப்பை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வடக்கே உமேடாவிலிருந்து தெற்கே நம்பா வரை ஊரின் நடுவே ஓடுகிற மிடோசுஜி சாலை, சுமார் நாலு கிலோமீட்டர், முழுக்க ஒருவழி, தெற்கு நோக்கி மட்டும். வடக்கே திரும்பி வர வேண்டுமானால் யோத்சுபாஷிசுஜி அல்லது சகாய்சுஜி வழியாகத்தான் வர வேண்டும். மேலே போகிற ஹன்ஷின் எக்ஸ்பிரஸ்வேயின் வளையமும் கடிகாரச் சுற்றில் மட்டும் ஓடுகிற ஒருவழி. அதனால் மேப்பில் ஐநூறு மீட்டர் பின்னால் தெரிகிற ஆபீஸுக்குக் கார் சுற்றிக்கொண்டு கால் மணி நேரத்தில் வரலாம். எந்தச் சாலைப் பக்கத்து வாசல் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

ஜப்பான் முகவரிகளில் தெருப் பெயரை விடப் பகுதி, பிளாக், கட்டட எண்கள்தான் முக்கியம். ஆங்கில முகவரியைப் பாதி நகலெடுத்து அனுப்பினால் டிரைவரின் நேவிகேஷன் திணறும். ஜப்பானிய எழுத்தில் முகவரி, கட்டடப் பெயர், மாடி, அந்த இடத்தின் தொலைபேசி எண், இந்த நான்கும் போக வேண்டும். போன் நம்பரைப் போட்டே இடம் தேடுகிற வசதி அங்கத்திய நேவிகேஷனில் உண்டு. கம்பெனி பெயர் மட்டும் போதாது. ஶ்ரீசிட்டியில் ஆலை வைத்திருக்கிற டைகினையே எடுத்துக்கொள்ளுங்கள், தலைமையகம் வடக்கே உமேடாவில், ஆலை தெற்கே சகாய் நகரில், இரண்டும் எதிரெதிர்த் திசை. ரயில் நிலையத்திலும் இதே கதை, புல்லட் ரயில் நிற்பது ஷின் ஒசாகாவில், ஒசாகா நிலையம் என்பது யோடோ ஆற்றுக்குத் தெற்கே உமேடாவில் இருக்கிற வேறு நிலையம்.

மீட்டிங் முடிந்து வெளியே வந்தால் வாசலில் கார் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 2006-லிருந்து சாலையோரம் ஆளில்லாமல் நிற்கிற வண்டிகளைப் பிடிக்கத் தனிக் கண்காணிப்பாளர்கள் சுற்றுகிறார்கள், அதனால் டிரைவர் தள்ளி ஒரு பார்க்கிங்கில்தான் காத்திருப்பார். முடியப்போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு தகவல் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் நீங்கள் பார்க்கப் போகிற கம்பெனியிடம் அவர்கள் வளாகத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்று முன்பே கேட்டு, வண்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

தேதிகளில் ஒரு உள்ளூர் விஷயம் உண்டு. 5, 10, 15, 20, 25, 30 ஆகிய தேதிகளை அங்கே கோதோபி என்பார்கள், கம்பெனிகள் பணம் கொடுக்கல் வாங்கலை அந்த நாட்களில் வைத்துக்கொள்கிற பழக்கம் ஒசாகா அடங்கிய கன்சாய் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது, சாலையில் நெரிசலும் கூடும். அன்றைக்கு இருபது நிமிடம் கூடுதலாக வையுங்கள். நவம்பரில் கியோட்டோவுக்குள் காரில் போவதையும் யோசித்துச் செய்யுங்கள், இலைகள் சிவக்கிற பருவத்தில் அங்கே வண்டி நகரவே நகராது.

விலை மலிவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் யாரோ அனுப்புகிற காரை ஏற்பாடு செய்யாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். காசு வாங்கிப் பயணிகளை ஏற்றுகிற வண்டிக்குப் பச்சை நிற எண் பலகை, சில வண்டிகளில் படம் போட்ட பலகையில் பச்சை விளிம்பு. டிரைவருக்கு இரண்டாம் வகை உரிமம் வேண்டும். அனுமதியில்லாமல் சாதாரண வெள்ளைப் பலகையோடு வந்து விமான நிலையத்தில் காசுக்கு ஆள் ஏற்றுவது சட்ட விரோதம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கக்கூடும், அதற்குப் பிறகு உங்கள் கம்பெனி யாரிடம் போய்ப் பதில் சொல்லும்?

காரே வேண்டாத இடங்களும் இருக்கின்றன. ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்குச் சாலை வழியாக 500 கிலோமீட்டர், நொசோமி புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம். மூன்று பக்கமும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டுகிற பெட்டி இருந்தால் ரயிலில் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும், அல்லது பெட்டியை ஹோட்டலிலேயே கூரியரில் போட்டுவிட்டால் வழக்கமாக மறுநாள் டோக்கியோ ஹோட்டலில் இருக்கும். ஒற்றை ஆள், சின்னப் பெட்டி, உமேடாவில் ஹோட்டல் என்றால் கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஹருகா எக்ஸ்பிரஸ் ரயிலே நல்லது, 2023 மார்ச்சிலிருந்து அது ஒசாகா நிலையத்திலேயே நிற்கிறது.

டிப்ஸ் கொடுக்க வேண்டாம், சங்கடப்படுவார்கள். கூட வருகிற ஜப்பானியர்கள் டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற இருக்கையைத்தான் பெரியவருக்கு விடுவார்கள், அல்ஃபார்டில் நடு வரிசை.

திரும்பும் நாள் ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் புயலையும் கணக்கில் எடுங்கள். கன்சாய் தீவுக்குக் காரும் ரயிலும் போவது ஒரே பாலம், பலத்த காற்றடித்தால் மூடிவிடுவார்கள். 2018 செப்டம்பர் 4 புயலில் ஒரு டேங்கர் கப்பல் வந்து அதில் மோதி, ஆயிரக்கணக்கான பேர் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள். எச்சரிக்கை வந்துவிட்டால், விமானம் கிளம்புமா என்று ஏர்லைனிடம் உறுதி செய்துகொள்ளும் வரை பயணியை ஹோட்டலிலேயே இருக்கச் சொல்லுங்கள், காரை ரத்து செய்ய எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பதை முந்தின நாள் மாலையிலேயே கேட்டு வையுங்கள்.